புல்லியிங்கைக் குறைக்க, வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்

இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு மறுநாள் ஒன்றாக விளையாடப் போனால் அது புல்லியிங் (ஒரு பிள்ளையைத் தொடர்ந்து வதைப்பது) இல்லை, வெறும் சண்டை. புல்லியிங்கை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றாவதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பலம் என்றால் உடம்பு மட்டுமா? கூட்டாளிகள் அதிகம் இருப்பதும், வாய் சாமர்த்தியமும், அடுத்தவரின் ஒரு ரகசியம் கையில் இருப்பதும் பலம்தான்.

அடி உதை கண்ணில் படும். பட்டப்பெயர் வைப்பது, ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்து போவது, வாட்ஸ்அப் குழுவில் அவளை மட்டும் விட்டுவிட்டு அவளைப் பற்றியே பேசுவது, இதெல்லாம் படாது. கேட்டால் "சும்மா விளையாட்டுக்கு டீச்சர்" என்பார்கள். அப்போது கேலிக்கு ஆளான பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதுவும் மனம் விட்டுச் சிரித்தால்தான் விளையாட்டு. (ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பும் உண்டு, அதை அடையாளம் காணப் பழக வேண்டும்.)

"எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் இல்லை" என்று சொல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்ததில்லை. யுனெஸ்கோவின் 2019 அறிக்கைப்படி, உலக அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு மாணவர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் இதை அனுபவித்திருந்தார். ஆகவே முதல் வேலை கேட்பது. பள்ளியின் வரைபடம் ஒன்றை நகலெடுத்துக் கொடுத்து, பெயர் எழுதாமல், பயமாக இருக்கும் இடங்களில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். கழிப்பறை, மாடிப்படி, பஸ்ஸின் பின்வரிசை என்று பெரியவர்கள் இல்லாத இடங்களில்தான் குறிகள் குவியும். சரி, இடம் தெரிந்துவிட்டது, இடைவேளையில் அங்கே போய் நில்லுங்கள்.

அடுத்ததைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட சம்பவங்களில் சக மாணவர்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள், ஆனால் தலையிட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒரு சம்பவத்தில்தான். அப்படி யாராவது தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் அது நின்றுவிட்டது. வம்பிழுப்பவனுக்கு வேண்டியது கூட்டத்தின் சிரிப்பும் மதிப்பும்தான், அது கிடைக்காவிட்டால் அவன் ஆட்டம் அதிக நேரம் ஓடாது. பள்ளிகளில் புல்லியிங்கைத் தடுக்க பின்லாந்தில் உருவான கிவா திட்டமும் இதே கணக்கில்தான் வகுப்பு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் வீரர்களாக்க வேண்டியதில்லை. சிரிக்காமல் இருப்பது, "வா, உன்னை டீச்சர் கூப்பிடுறாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போவது, அப்புறம் பக்கத்தில் போய் உட்காருவது, பெரியவரிடம் சொல்வது, இவ்வளவு போதும். பெரியவரிடம் சொல்வது கோள்மூட்டுவது இல்லை என்பதை மட்டும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

சம்பவம் கைக்கு வந்தபிறகு இருவரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குலுக்குங்கள்" என்பது பெரிய தவறு. அது சமபலம் உள்ளவர்களின் சண்டைக்கு ஏற்ற வழி, இங்கே பாதிக்கப்பட்ட பிள்ளை பயத்தில் தலையாட்டும், பிறகு வெளியே வாங்கிக் கட்டிக்கொள்ளும். தனித்தனியாகப் பேசுங்கள். வதைத்தவனிடம் உபதேசம் வேண்டாம், "நேற்று அவன் பையை ஒளித்து வைத்தாய், அது இனி நடக்காது, அதற்கு நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று நேராகக் கேளுங்கள். சில நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் திருந்தி வருவான் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

பெற்றோருக்கு: "நீ என்ன செய்தாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள், "திருப்பி அடி" என்றும் சொல்லாதீர்கள். முழுதாகக் கேளுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள், போனில் வந்தவற்றை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனைப் பிடுங்கினால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லவே சொல்லாது. எதிர்த்தரப்புப் பெற்றோர் வீட்டுக்கு நேராகப் போகாமல் வகுப்பாசிரியரிடம் போங்கள்.

பிறகு, ஆசிரியரானாலும் பெற்றோரானாலும், இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள், "இப்போது எப்படி இருக்கிறது?" என்று பொதுவாக இல்லாமல், "நேற்று இடைவேளையில் யாரோடு இருந்தாய்?" என்று.