விபத்து வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும்?

கூட வேலை செய்பவர் அடிபட்டு, இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். "அண்ணே, எனக்காகச் சாட்சி சொல்ல வருவீங்களா?" என்கிறார். நான் டாக்டரா, என்ஜினியரா என்று தயங்காதீர்கள். எந்த எலும்பு முறிந்தது என்று மருத்துவ அறிக்கை சொல்லிவிடும். அதன் பிறகு அவர் படும் பாட்டை, கூட இருக்கும் உங்களால்தான் சொல்ல முடியும்.

முதல் வேலை, பார்த்ததை அன்றைக்கே எழுதி வைப்பது. சிங்கப்பூரில் காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுக்குள் தொடுக்கலாம். விசாரணை அதற்கும் பிறகுதான். அவ்வளவு நாள் ஞாபகம் தாங்காது. நேரம், மழை பெய்ததா, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களை அழிக்க வேண்டாம்.

அடுத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் பிரித்தெடுங்கள். "லாரி பின்னால் வந்தபோது ஹாரன் சத்தம் கேட்கவில்லை" என்பது உங்கள் சாட்சியம். "டிரைவர் மேல்தான் தப்பு" என்பது நீதிபதி முடிவு செய்ய வேண்டியது. "டிஸ்க் விலகிவிட்டது" என்பது டாக்டர் பேச்சு. சூப்பர்வைசர் பார்த்ததை சூப்பர்வைசரே வந்து சொல்லட்டும்.

மூன்றாவது, விபத்துக்கு முன்னும் பின்னும் அவர் எப்படி இருக்கிறார் என்பது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். "ரொம்ப வலியில் இருக்கிறார்" என்றால் யார் மனத்திலும் எதுவும் பதியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்து நடந்தவர். இப்போது காப்பிக்கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்கிறார். குனிய முடியாததால் காலையில் சாக்ஸை நான்தான் மாட்டிவிடுகிறேன்." வலிக்கும், இழந்த வாழ்க்கைக்கும் எவ்வளவு தருவது என்று நீதிமன்றம் எடைபோடும்போது இந்த சாக்ஸ் பேசும். அவருக்கு முன்பே முதுகுவலி இருந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்தது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால், நீங்கள் சொன்ன உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

பிறகு வழக்கறிஞர் உங்கள் வாக்குமூலத்தைப் பிரமாணப் பத்திரமாக, அதாவது உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடும் தாளாக, ஆங்கிலத்தில் தயாரிப்பார். வரிக்கு வரி தமிழில் சொல்லக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "கையில் ஃபோன் இருந்தது" என்று நீங்கள் சொன்னது, தாளில் "ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்" என்று மாறியிருக்கலாம். தயங்காமல் திருத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் சத்தியம் செய்யப்போவது நீங்கள். தெரிந்தே பொய் சாட்சியம் சொன்னால் 7 ஆண்டு வரை சிறை.

விசாரணை நாளில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகள்தான். தமிழில் பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முன்கூட்டியே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவையுங்கள். கேள்வி ஆங்கிலத்தில் பாதி புரிந்தாலும், தமிழில் முழுதாகக் கேட்ட பிறகே பதில் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லலாம். தலையை மட்டும் ஆட்டாதீர்கள். ஒலிப்பதிவில் அது ஏறாது.