நுண்நார்க் கூழைக் காயப்போடாதீங்க

களக்காட்டுப் பக்கம் தார் வெட்டியபின் சாயும் வாழையில் நார் உரிப்பது நமக்குப் புதிதில்லை. அந்த நாரைக் காஸ்டிக் சோடா மாதிரியான காரத்தில் வேகவைத்து, வெளுத்து, உயர் அழுத்த ஹோமோஜினைசரில் (குறுகிய இடுக்கு வழியே தள்ளி நாரைப் பிளக்கும் இயந்திரம்) தண்ணீரோடு பலமுறை ஓட்டினால் கிடைக்கும் கூழ்தான் நுண்நார் செல்லுலோஸ். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் மரக்கூழிலிருந்து இதை முதலில் எடுத்தார்கள். ஒவ்வொரு இழையும் 10 முதல் 100 நானோமீட்டர் தடிமன். நீளம் மைக்ரான் கணக்கில்.

இதில் கைவைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, காயவைப்பது. நானும் செய்தேன். 100 கிராம் கூழில் நார் 2 கிராம்தான், மீதியெல்லாம் தண்ணீர். அதை ஏன் சுமக்க வேண்டும் என்று ஒரு தட்டை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நகம் மாதிரி விறைத்த செதில்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து மிக்ஸியில் அடித்தும் பழைய கூழ் திரும்பவில்லை; குருணையாக அடியில் தங்கிவிட்டது. தண்ணீர் போகப்போக இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்கின்றன, பிறகு லேசில் பிரியாது. ஈரமாகவே வைத்திருங்கள். ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் குளிரில் வையுங்கள்.

அப்புறம், கூழ் வாளியில் கெட்டியாக நிற்கிறதே என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகும். பெயிண்டுக்கு இந்தக் குணம்தான் வேண்டும்: பிரஷில் வழுக்கிக்கொண்டு வரும், சுவரில் ஒழுகாது. கலக்கிப் பார்த்த பிறகே பதத்தை முடிவு செய்யுங்கள்.

காகிதத்தில் சில சதவீதம் சேர்த்தாலே வலு கூடும். அள்ளிப் போட்டால், காகித மெஷினில் கூழை வடிகட்டும் வலைமேல் தண்ணீர் வடியாமல் மெஷின் மந்தமாகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பயன், எண்ணெய் தாங்கும் பூச்சு. அல்வாப் பொட்டலத்தில் நெய் கசிந்து காகிதம் கண்ணாடியாவதைப் பார்த்திருப்பீர்கள். நுண்நார் நெருக்கமாகப் படிந்த காகிதத்தில் அந்தக் கசிவு நன்றாகக் குறையும். சரி, அப்படியானால் தண்ணீரையும் தாங்கும் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. செல்லுலோஸ் ஈரத்தை விரும்பி உறிஞ்சும். காய்ந்த காற்றில் ஆக்ஸிஜனை நன்றாகத் தடுக்கிற அதே படலம் ஈரக்காற்றில் ஊதி, இடைவெளி விட்டுவிடும். ஆகவே பங்குனி வெயிலில் சோதித்துவிட்டு ஆர்டர் எடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை பொட்டலம் கட்டி வைத்துப் பாருங்கள்.