வெளிநாட்டு அணியின் பயிற்சியாளரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதியவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஆட்டக்காரராக இருந்து அயல்நாட்டுத் தேசிய அணிக்குப் பயிற்சியாளரானவர்களைப் பற்றி எழுதும்போது, நான் அன்று செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன். அடிக்கடி என் மேசைக்கு வரும் பிரெஞ்சுக் கால்பந்துப் பயிற்சியாளர் எர்வே ரெனாரையே எடுத்துக்கொள்வோம்.

பெயர்

ரெனார்டு அல்ல, ரெனார்.

‘பின்னர்’ என்ற சொல்

“தடுப்பாட்டக்காரராக ஆடி ஓய்வுபெற்ற ரெனார், பின்னர் ஜாம்பியாவின் பயிற்சியாளரானார்.” போன வாரமும் இப்படி ஒரு வாக்கியம் வந்தது. அந்தப் ‘பின்னர்’ எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. அதற்குள் பத்து ஆண்டுகள் புதைந்து கிடக்கின்றன.

2012இல் ஜாம்பியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது நானும் அப்படித்தான் எழுதினேன். மூத்த ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்து, “அதுவரை அவர் சோற்றுக்கு என்ன செய்தார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்கென்று பேசி வைத்திருந்த கட்டுரைத் தொடர் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

பதில் இதுதான். ரெனார் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஒருநாளும் ஆடியதில்லை. பிரான்ஸின் கான் (Cannes) கிளப்பில் தொடங்கி, சிறிய அணிகளில் ஆட்டத்தை முடித்தவர். பிழைப்புக்காகத் துப்புரவு வேலைக்குப் போனார். விடியுமுன் எழுந்து கட்டடங்களின் குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்து வைப்பார். மாலையில் டிராகின்யான் என்ற சிறிய பிரெஞ்சு அணிக்குப் பயிற்சி தருவார். பிறகு பிரெஞ்சுப் பயிற்சியாளர் கிளோட் லெ ருவா அவரை உதவியாளராக ஷாங்காய்க்கு அழைத்துப் போனார். இங்கிலாந்தின் நான்காம் நிலையில் கேம்பிரிட்ஜ் யுனைடெட், வியட்நாமில் ஒரு கிளப் என்று அலைந்து, மீண்டும் லெ ருவாவிடம் கானா அணிக்கு உதவியாளராக வந்தார். அதன் பிறகுதான், 2008இல், ஜாம்பியா.

இதை விட்டுவிட்டால் 2012 வெற்றி வானத்திலிருந்து விழுந்ததாகிவிடும். முதல் முறை பொறுப்பேற்றபோதே, 2010 ஆப்பிரிக்கக் கோப்பையில், அந்த அணியைக் காலிறுதிக்குக் கொண்டு போனவர் அவர். நடுவில் அங்கோலாவுக்குப் போய்த் திரும்பியவருக்குத் தன் ஆட்டக்காரர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்பது தெரியும்.

ஸ்கோர்

2012 இறுதியாட்டத்தில் ஜாம்பியா 8-7 என்று வென்றதாக எழுதாதீர்கள். ஆட்டம் 0-0; 8-7 பெனால்டி ஷூட்அவுட் கணக்கு. 2015இல் அவர் ஐவரி கோஸ்டுக்கு வென்று தந்த கோப்பையும் அப்படியே: 0-0, பிறகு 9-8.

வெள்ளைச் சட்டை

ஆட்டங்களின்போது அவர் வழக்கமாக அணியும் வெள்ளைச் சட்டைக்கு ஒரு வரி போதும்.

கிளப் தோல்விகள்

பிரெஞ்சு கிளப்களில் அவர் பயிற்சியில் சோஷோ கீழ்நிலைக்கு இறங்கியதையும் லீல் சில மாதங்களில் அவரை நீக்கியதையும் மறைக்காதீர்கள்.

இடத்தைக் கவனிக்காமல் எழுதுவது

2012 இறுதியாட்டம் நடந்த, காபோன் நாட்டின் லிப்ரவில் நகரத்துக் கடலில்தான் 1993இல் ஜாம்பியா தேசிய அணியின் விமானம் விழுந்தது. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் அந்தக் கரைக்குப் போய் மலர் வைத்தார்கள். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயமடைந்து அழுதபடி வெளியேறியவர் ஜாம்பியாவின் ஜோசப் முசோண்டா. கடைசி பெனால்டியை ஜாம்பியா வீரர் சுன்சு உள்ளே அடித்த பிறகு, நடக்க முடியாத முசோண்டாவை ரெனார் தன் கைகளில் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டாடிக்கொண்டிருந்த அணியின் நடுவே சேர்த்தார். என்னிடம் வரும் பத்துக் கட்டுரைகளில் ஒன்பதில் இந்தக் காட்சி இல்லை.