முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளை: மே முதல் ஏப்ரல் வரை பெற்றோர் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் அரசு அல்லது அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்காக, அதிலும் முதல் பிள்ளையைச் சேர்ப்பவர்களுக்காக, இதை எழுதுகிறோம். தனியார் பள்ளிப் பெற்றோருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தொடக்க வகுப்பில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. எல்லாப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். அதனால் 'பாஸ்' ஆனதை வைத்துப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று முடிவு கட்ட முடியாது. நோட்டு நிறைய அழகான எழுத்து இருந்தாலும் அதே கதைதான். கரும்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். பிள்ளை வாய்விட்டுப் படிப்பதை நீங்களே காதால் கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது.

படி 1: மே மாதம், பெயரைச் சரி பாருங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, பிள்ளையின் ரத்த வகை, சாதிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல். இவற்றை ஒரு கவரில் போட்டுத் தயாராக வையுங்கள். ஏதாவது ஒன்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப் போட வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது.

தாளைவிட முக்கியம் அதில் இருக்கும் பெயர். சேர்க்கையின்போது பிள்ளையின் விவரம் 'எமிஸ்' என்கிற கல்வித் துறைக் கணினிப் பதிவில் ஏறும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரைக்கும் அந்தப் பதிவுதான் கூடவே வரும். நித்யா என்ற பெயரை இங்கிலீஷில் எழுதும்போது ஆதாரில் 'எச்' எழுத்து இருக்கும், பிறப்புச் சான்றிதழில் இருக்காது. இன்னொன்றில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும், வேறொன்றில் அப்பா பெயர் முழுதாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது திருத்த இரண்டு மூன்று நடை போதும். பதினாறு வயதில் திருத்தப் போனால் தாலுகா ஆபீஸ், நோட்டரி என்று மாதக்கணக்கில் இழுக்கும். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஒத்துவரும்படி மாற்றுங்கள். சேர்க்கை முடிந்ததும், தலைமை ஆசிரியரிடம் கேட்டு எமிஸில் ஏறிய பெயரையும் பிறந்த தேதியையும் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

குழந்தையாக இருந்தபோது எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது நிறைந்ததும் கைரேகையும் கண் பதிவும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 7 வயதுக்குள் செய்தால் கட்டணம் கிடையாது. 5 வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசி விட்டுப்போயிருந்தால், அதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

படி 2: பள்ளி திறக்கும் முன் ஒரு வாரம், கைப்பழக்கம்

அ, ஆ எழுதப் பழக்குவதைவிட இந்த நான்கும் அவசரம்:

1. கால்சட்டையைத் தானே இறக்கி ஏற்றுவது. பட்டனும் கொக்கியும் ஆறு மாதம் போகட்டும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தையுங்கள்.
2. "ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்" என்று சத்தமாகக் கேட்பது. வெட்கப்பட்டு அடக்கும் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். சாயந்திரம் தலைவலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.
3. டிபன் பாக்ஸ் மூடியையும் தண்ணீர் பாட்டில் மூடியையும் தானே திறப்பது. கடையில் வாங்கும்போதே பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.
4. அப்பா அல்லது அம்மாவின் செல்போன் எண்ணை மனப்பாடமாகச் சொல்வது.

பையின் எடை பற்றி 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை முதல், இரண்டாம் வகுப்புக்குச் சொல்வது 1.6 முதல் 2.2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோவைத் தாண்டும். அரை லிட்டர் பாட்டில் கொடுத்து, பள்ளியில் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 3: முதல் மாதம், சாப்பாடும் வகுப்பறையும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகள் காய்கறிச் சாம்பாருடன் தருகிறார்கள். எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்று பள்ளியில் கேட்டு, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டில் இரண்டு இட்லி ஊட்டிவிட்டு அனுப்பினால் அங்கே தட்டில் மிச்சம் வைக்கும். வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டுத் தாமதமாகப் போனால் மதியம் வரை பட்டினி. மதிய உணவில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளை என்றால் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், வாழைப்பழம் தருவார்கள். ஒவ்வாமை எதுவும் இருந்தால் வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடமும் சமையலரிடமும் கொடுங்கள்.

வகுப்பறையைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள்: "மூணு வகுப்பும் ஒரே ரூம்ல உட்கார்ந்திருக்கு, தரையில உட்கார்ந்து பாட்டு பாடிக்கிட்டிருக்காங்க." ஈராசிரியர் பள்ளியில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று என்றுதான் இருக்கிறது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பாட முறை. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்தார்கள். முதல் வகுப்புப் பிள்ளைக்கு அரும்பு. மூன்றாம் வகுப்பில் இருக்கும் அண்ணன் இன்னும் அரும்பு நிலையில் இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். முதல் வகுப்புத் தம்பி அங்கே இருப்பது சரியான இடம்.

வீட்டுப்பாடம் இல்லையே என்று ஆசிரியரை நெருக்க வேண்டாம். முதல், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது.

படி 4: தினம் 15 நிமிடம்

ஆண்டு முழுக்க வீட்டில் நடக்க வேண்டியது இது மட்டும்தான். மணி பார்த்து உட்கார வேண்டாம். சாயந்திரம் விளையாடி வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டுக்கு முன் செய்தால் போதும். நாள் தவறாமல் நடப்பதுதான் பலன் தரும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் பிள்ளைக்குப் புத்தகமே கசந்துபோகும்.

*எழுத்து, 5 நிமிடம்.* பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு நறுக்கி, அட்டைக்கு ஒரு எழுத்து ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். ஒரு தடவைக்குத் தெரிந்த எழுத்து எட்டு, புதியது இரண்டு. இதற்கு மேல் புதிது சேர்த்தால் பழையதும் குழம்பும். கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். 'அ ஆ இ ஈ' என்று வரிசையில் ஒப்பிக்கும் பிள்ளை, தனியாக 'ஏ' அட்டையைக் காட்டினால் மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்துத்தான் பதில் சொல்லும். உதடு அசைவதிலேயே தெரியும். ப, ட, ம, ட், ம் ஐந்து அட்டை இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களை அடுக்கலாம். அரும்புப் பருவத்தில் எழுத்து சொல்லாக மாறும் அந்த நிமிடத்தை நேரில் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

*வாசிப்பு, 5 நிமிடம்.* பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். படத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். மேலிருந்து படித்து முடித்ததும், கீழிருந்து ஏதோ ஒரு சொல்லில் விரல் வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். பாட்டை ராகத்தோடு சொல்லிவிட்டு அந்தச் சொல்லில் விழித்தால், அது மனப்பாடம். திட்டாதீர்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் எழுத்துக் கூட்டிக் காட்டுங்கள்.

பெரும்பாலும் தடுக்குவது மூன்று இடங்களில். முதலாவது கெ, கே, கை. கொம்பு முதலில் எழுதப்படுகிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது புரியாத சங்கதி. 'கொ' இன்னும் கடினம். குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கொடி'யைக் 'கெ... ரடி' என்று படித்தால் அறிவு மந்தம் என்று நினைக்க வேண்டாம், பிள்ளை கண்ணில் பட்டதை நேர்மையாகப் படிக்கிறது. கொம்பையும் காலையும் சிவப்பு மையிலும் 'க'வைக் கறுப்பு மையிலும் எழுதி, மூன்றையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டு 'கொ' என்று சொல்லிக் காட்டுங்கள். இரண்டாவது உகர வரிசை. 'கா, டா, மா'வில் கால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் கு, டு, மு ஒரு விதமாக வளையும், சு, பு, வு வேறு விதம், து, நு, று இன்னொரு விதம். ஒரே நாளில் வரிசையாகக் கற்றுத் தராமல், ஒரே மாதிரி வளைபவற்றை ஒரு வாரம் என்று பிரித்துக் கொடுங்கள். மூன்றாவது 'கௌ' போன்றவற்றில் வரும் குறியை 'ள' என்று படிப்பது. இதற்கு அவசரமே இல்லை, மெல்ல வரும்.

*எண், 5 நிமிடம்.* புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, ரப்பர் பேண்டு போதும். பத்து குச்சி சேர்ந்ததும் ஒரு கட்டு. 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. பிள்ளையின் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். தமிழில் 'பதின்மூன்று' என்பதில் பத்து முன்னால், மூன்று பின்னால்; எழுதுவதும் அப்படியே. இங்கிலீஷில் 'தர்ட்டீன்' என்னும்போது மூன்று முன்னால் கேட்கிறது. அதனால் இங்கிலீஷ் வழியில் படிக்கும் பிள்ளை 13ஐ 31 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும். தமிழுக்கும் ஒரு சிக்கல் உண்டு: எண்பது, எண்பத்தொன்பது என்று வந்து, அடுத்தது திடீரென்று 'தொண்ணூறு'. பெயரிலேயே நூறு கேட்பதால் பிள்ளை 100க்குத் தாவிவிடும். ஒன்பது குச்சிக் கட்டுகளை எண்ணி வைத்து "இதுக்குப் பேரு தொண்ணூறு" என்று நாலு நாள் காட்டினால் போதும்.

இடக்கையால் எழுதும் பிள்ளையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். சோற்றுக் கை வேறு, எழுதும் கை வேறு. தாளின் மேல்பக்கம் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடித்துக்கொண்டே இருக்கும்.

படி 5: பருவத்துக்கு ஒரு முறை ஆசிரியரைப் பாருங்கள்

ஆண்டுக்கு மூன்று பருவங்கள்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி முதல் ஏப்ரல். ஒவ்வொன்றிலும் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே பார்ப்பது) 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60. பருவம் மாறினால் புத்தகமும் மாறும். பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், விடுமுறையில் வாசிக்க அதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்காது.

காலையில் கேட்டில் நின்று பேசினால் ஆசிரியரின் கண் உங்கள் மேல் இருக்காது, உள்ளே ஓடும் பிள்ளைகள் மேல்தான் இருக்கும். பள்ளி விட்டபின் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். "எம் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்றால் "நல்லாப் படிக்கிறான்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "எந்த எழுத்து வரைக்கும் நடத்தியிருக்கீங்க? அதுல இவனுக்கு எது வரலை? போர்டைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குறானா? யார்கூட விளையாடுறான்?" கடைசிக் கேள்விக்கு "தனியாத்தான் இருக்கான்" என்று பதில் வந்தால் மதிப்பெண்ணை மறந்துவிட்டு அதைப் பாருங்கள்.

எங்கள் அனுபவக் கணக்கு: செப்டம்பரில் நடத்திய எழுத்துகளைக் கலைத்துப் போட்டாலும் சொல்ல வேண்டும், 'படம்', 'மரம்' படிக்க வேண்டும். டிசம்பரில் கால், விசிறி, சுழி (கா, கி, கீ போல) உள்ள சொற்கள். ஏப்ரலில் நாலைந்து சொல் உள்ள வாக்கியத்தைப் படித்துவிட்டு, என்ன சொல்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். டிசம்பரில் 'படம்' கூட வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண், காது பரிசோதனை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ செய்யலாம். பிறகுதான் டியூஷன் பற்றிய யோசனை.

படி 6: லீவும் உடம்பும்

ஊர்த் திருவிழாவுக்கு ஒரு நாள், அதை ஒட்டிப் பாட்டி வீட்டில் மூன்று நாள் என்று போனால், அந்த வாரம் நடத்திய எழுத்துகள் பிள்ளைக்குத் தெரியாமலே போகும். அடுத்த வாரச் சொற்கள் அவற்றின் மேல்தான் நிற்கும். தவிர்க்க முடியாத லீவு என்றால், திரும்பி வந்த அன்றே எந்தப் பக்கம் நடந்தது என்று கேட்டு வீட்டில் பார்த்துவிடுங்கள்.

காய்ச்சல் மாத்திரை கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்பலாம். அம்மை போட்டிருந்தால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்கட்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை தருவார்கள். மென்று விழுங்க வேண்டியது. பயந்து அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் மட்டும் ஆசிரியரிடம் சொல்லி, விடுபட்டவர்களுக்கான அடுத்த நாளில் போட்டுக்கொள்ளலாம்.

படி 7: பள்ளி மேலாண்மைக் குழு

பள்ளியின் தேவைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பேசும் குழு இது. இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது போன்றவற்றை இங்கேதான் எழுப்ப வேண்டும். வாயால் சொல்வதோடு நிற்காமல் தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளையை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை; மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. முதலில் தலைமை ஆசிரியர். சரியாகவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டு எண்ணையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.