காட்டுத்தீ எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்ததை மக்களிடம் எப்படிச் சொல்வது

இந்த வேலையில் நான் எழுதிய முதல் அறிக்கை தவறானது. சாலையோரப் புல்லில் பற்றி, சரிவில் ஏறி, மாலைக்குள் ஒரு மலைமுகத்தையே கருக்கிய தீ அது. கரிந்த விளிம்பில் ஒரு சிகரெட் துண்டு கிடந்தது. “காரணம்: சிகரெட்” என்று எழுதிவிட்டேன். உடன் வந்த மூத்த ஆய்வாளர் அந்தத் துண்டை இடுக்கியால் புரட்டிக் காட்டினார். மழையில் ஊறி, வெயிலில் வெளுத்து, பல மாதப் பழசாக இருந்தது. “தீ இதைச் சுட்டிருக்கிறது. இது தீயை மூட்டவில்லை” என்றார். காற்றின் ஈரப்பதம் 22 சதவீதத்தைத் தாண்டினால் சிகரெட்டால் காட்டில் தீப்பிடிப்பது அரிது என்பது இந்தத் துறையின் பாலபாடம். அன்று பிற்பகல் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் மேல். எனக்கு அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. உண்மையான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

தகவல் வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போகும் வழியிலேயே வேலை தொடங்கிவிடுகிறது: புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எதிரே எந்த வண்டி வருகிறது, எந்த வேலிக்கதவு திறந்து கிடக்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்து வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை மூன்றையும் எழுதுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் காற்று எப்போதும் நமக்குப் பிடித்த திசையிலேயே வீசியிருக்கும். முதலில் வந்த தீயணைப்பு வீரரைத் தேடிப் பிடித்து, “நீங்கள் வந்தபோது தீ எவ்வளவு பெரியது, எங்கே நின்றது?” என்று கேளுங்கள். தீ சிறியதாக இருந்தபோது பார்த்த கண்கள் அவருடையவை. அந்த இடத்தைச் சுற்றி நாடா கட்டி, குழாயையும் பூட்ஸ் கால்களையும் வெளியே நிறுத்துங்கள். நீங்களும் தலைநிமிர்ந்து பார்த்த பிறகே உள்ளே கால் வையுங்கள். அடி எரிந்த மரம் சத்தமில்லாமல் விழும். வேர் எரிந்த குழிக்குள் வெள்ளைச் சாம்பல் மட்டும் மேலே தெரியும், அதன் அடியில் கங்கு இருக்கும்.

இனித் தரையைப் படிக்க வேண்டும். தீயின் வேகத்தைத் தீர்மானிப்பவை காற்று, சரிவு, எரிபொருள் ஆகிய மூன்றும்தான். சரிவு 10 பாகை கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது கைக்கணக்கு. அதனால் பெருந்தீ ஓடிய இடம் கண்ணைப் பறிக்கும். அங்கே போய் மூலத்தைத் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. தீ பிறந்த இடம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். புல் பாதி எரிந்தும் பாதி எரியாமலும், திசைக் குறிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டும் கிடக்கும். ஓடத் தொடங்கும் முன் தீ எல்லாப் பக்கமும் தயங்கித் தவழ்ந்திருக்கும்.

முதலில் வெளிவிளிம்பை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு தீ ஓடிய திசைக்கு எதிராக, உள்நோக்கி வாருங்கள். ஒரு பாறையைப் பாருங்கள்: தீ வந்த பக்கம் சுத்தமாக எரிந்திருக்கும், மறைவுப் பக்கத்தில் சருகு மிஞ்சியிருக்கும். மரத்தண்டில் கரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். காற்றோடு ஓடிய தீ என்றால் அது வந்த பக்கம் கரி தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருக்கும். காற்றை எதிர்த்து ஊர்ந்த தீ என்றால் கரிக்கோடு தரைக்கு இணையாகப் போகும். வெப்பத்தில் வாடிய இலைகள் அப்போது வீசிய காற்றின் திசையிலேயே விறைத்து நிற்கும்.

எனக்குப் பிடித்த குறி புல்தண்டு. காற்றை எதிர்த்துப் பின்வாங்கி ஊரும் தீ, தண்டின் அடியை முதலில் அரிக்கும். தண்டு, தீ வந்த பக்கமாகவே சாயும். சாம்பலுக்கு நடுவே ஒரே திசையில் தலைவைத்துக் கிடக்கும் தண்டுகளைப் பார்த்தால், ஒரு கூட்டமே கைநீட்டி வழி காட்டுவது போல இருக்கும். ஆனால் ஒற்றைத் தண்டை நம்பாதீர்கள், அதன் மேல் யாராவது மிதித்திருக்கலாம். குறிகளில் பெரும்பான்மை சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொரு குறியிடமும் சிறு கொடி நடுங்கள்: முன்னோடிய தீக்குச் சிவப்பு, பக்கவாட்டில் பரவியதற்கு மஞ்சள், பின்வாங்கியதற்கு நீலம், தடயப் பொருளுக்கு வெள்ளை. நூறு கொடி நட்டபின் சற்று மேடான இடத்தில் ஏறி நின்று பாருங்கள். நிறங்கள் சந்திக்கும் இடம் தானாகத் தெரியும். சரிவில் இன்னொரு பொறி இருக்கிறது: எரியும் கட்டையோ காயோ உருண்டு கீழே போய்ப் புதுத் தீயை மூட்டும். அந்த இரண்டாவது பிறப்பிடத்தை முதலாவது என்று எண்ணி நானே அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

சந்திப்பிடம் சில அடிகளுக்குச் சுருங்கியதும் கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரியுங்கள். முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு பட்டையாகத் தேடுங்கள். சாம்பலை மெல்ல ஊதி விலக்குங்கள், பிறகு காந்தத்தை அதன் மேலாகக் கொண்டுபோங்கள். எதையும் எடுப்பதற்கு முன் படம் எடுத்து, இரு நிலையான புள்ளிகளிலிருந்து தூரத்தை அளந்து எழுதுங்கள். மேலேயும் பாருங்கள். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்து 85 பேரைப் பலிகொண்ட தீயின் காரணம், மின்கோபுரத்தில் தேய்ந்து அறுந்த ஓர் இரும்புக் கொக்கி.

காரணத்தை முடிவு செய்யும்போது சாத்தியமான எல்லாவற்றையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரான சான்றைத் தேடுங்கள். மின்னல் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். அன்றைய மின்னல் மட்டும் போதாது. மரத்துக்குள் கங்காகக் கிடந்து பல நாள் கழித்து எழும் தீ உண்டு. “மற்றதெல்லாம் இல்லை, ஆகவே யாரோ வேண்டுமென்றே வைத்தது” என்ற வாதத்தை அமெரிக்காவின் தீ ஆய்வு வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ. 921, தன் 2011 பதிப்பிலேயே நிராகரித்துவிட்டது. தடயம் இல்லையென்றால் “தீர்மானிக்க இயலவில்லை” என்று எழுதுங்கள். அப்படி எழுதக் கூச்சப்படுபவரின் அறிக்கையை நான் இரண்டு முறை படிப்பேன்.

என் முதல் தீக்கு வருகிறேன். மூத்தவர் காந்தத்தை ஓட்டியபோது கடுகளவு இரும்புத் துகள்கள் ஒட்டின. அருகே ஒரு கல்லின் முகட்டில் புதிய வெட்டு. புல் வெட்டும் இயந்திரத்தின் தகடு கல்லில் மோதி, பொறி பறந்து, காய்ந்த புல்லில் விழுந்திருக்கிறது. நிலத்துக்காரரைப் போய்ப் பார்த்தோம். “என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டுவிட்டு மூத்தவர் வாயை மூடிக்கொண்டார். விசாரணையில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. நிலத்துக்காரர் மறைக்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்தார். எங்கள் அலுவலகம் வீடு வீடாகக் கொடுத்தது. “கோடைக்கு முன் உங்கள் நிலத்துப் புல்லை வெட்டுங்கள்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்த நேரத்தில் வெட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் மதியம் இரண்டு மணிக்கு வெட்டியிருந்தார்.

அதிலிருந்து ஆய்வையும் விழிப்புணர்வையும் நான் பிரிப்பதில்லை. “காட்டைக் காப்போம்” என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் எதையும் மாற்றமாட்டார்கள். கடைசியாகப் பற்றிய தீயின் காரணத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தச் செயல், எந்த நேரம், அதற்குப் பதிலாக என்ன என்ற மூன்றும் சொல்லில் இருக்க வேண்டும். புல்லைக் காலை பத்து மணிக்கு முன், பனியீரம் இருக்கும்போது வெட்டுங்கள். காற்று பலமாக வீசினால் விட்டுவிடுங்கள். கற்களை முதலில் பொறுக்குங்கள். தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள். குப்பை எரித்த இடத்தில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை. வீடுகளைப் பொறுத்தவரை, தீச்சுவர் வந்து மோதுவதைவிடக் காற்றில் பறந்து வரும் கங்குகளாலேயே பல வீடுகள் எரிகின்றன. ஆகவே கூரையிலும் மழைநீர் வடிகாலிலும் உள்ள சருகை அகற்றுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் விறகு, பாய், காய்ந்த செடி எதுவும் வேண்டாம். தீப்பிழம்புப் படங்களைக் காட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். மக்கள் பயந்துபோய், தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போனார்கள்.

பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். ஒருவரை அவமானப்படுத்திவிட்டால், அடுத்த முறை தீயை மூட்டிவிட்டவர் நம்மை அழைக்கமாட்டார், ஓடிவிடுவார். அந்த நிலத்துக்காரரை அடுத்த ஊர்க்கூட்டத்தில் பேச அழைத்தேன். “பிரசுரத்தில் தப்பு இருந்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், பிறகு நான் பேசுகிறேன்” என்றார். நியாயம்தான், சொன்னேன். அவர் எழுந்து, பல் உடைந்த அந்தத் தகட்டை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து முன்வரிசையில் இருந்தவரிடம் நீட்டினார். அது கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வரும்வரை அவர் பேசவே இல்லை. அடுத்த ஆண்டுப் பிரசுரத்தின் முதல் வரியில் “காலை பத்து மணிக்கு முன்” என்று அச்சாகியிருந்தது.