முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டு ஏக்கம்: முன்கூட்டியே பழக்குவது எப்படி?

மே மாத வேலூர் வெயிலில் பிள்ளையை வீட்டுக்குள் அடைத்துவைப்பதைவிட ஏலகிரியில் ஐந்து நாள் முகாமுக்கு அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றும். (2019இல் மாவட்டம் பிரிந்து ஏலகிரி திருப்பத்தூரோடு போய்விட்டது. எங்களுக்கு அது இன்னும் வேலூர் மலைதான்.) போன வருடம் எட்டு வயது மகனை அனுப்பினேன். இரண்டாம் இரவே மலையேறிப் போய் அழைத்துவந்தேன். தவறு என்னுடையது. பஸ் ஏறும்போது, "பிடிக்கவில்லை என்றால் சொல், அப்பா உடனே வந்துவிடுகிறேன்" என்றேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் அவன் அதையே நினைத்துக்கொண்டு போயிருப்பான்.

இந்த வருடம் செய்தது இது.

1. ஏக்கம் வரும் என்று சொல்லிவிடுங்கள்

ஒரு மாதத்துக்கு முன்பே பேச்சை எடுங்கள். "அங்கே போனால் வீட்டு நினைப்பே வராது" என்று பொய் சொல்ல வேண்டாம். வரும். முக்கியமாகப் படுக்கும்போதும் கை சும்மா இருக்கும்போதும் வரும். வந்தால் என்ன செய்யலாம் என்று அவனையே கேளுங்கள். என் மகன், "பக்கத்துப் படுக்கைப் பையனிடம் பேசுவேன்" என்றான்.

2. ஒத்திகை

இதுதான் பாதி வேலை. ஆற்காட்டில் பாட்டி வீட்டில் ஓர் இரவு, அடுத்த வாரம் இரண்டு இரவுகள் விட்டோம். எங்களோடு போன் பேச்சு கிடையாது. முதல் இரவு பதினொரு மணிவரை புரண்டுகொண்டே இருந்தானாம். காரணத்தைக் கண்டுபிடித்தது என் அம்மா. எங்கள் வீட்டு மின்விசிறி கடக் கடக் என்று சத்தம் போடும், அந்தத் தாலாட்டு ஆற்காட்டில் இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஏலகிரியில் இரவில் விசிறியே தேவைப்படாமல் போகலாம். ஏப்ரல் வேலூரில் விசிறியை நிறுத்திவிட்டு ஒத்திகை பார்க்க முடியுமா? "அங்கே பூச்சிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்" என்று முன்பே சொல்லிவைத்தோம்.

3. பை

அவனே அடுக்கட்டும். அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள், அந்த வாசனைக்காகத்தான். பாட்டி கொடுக்கும் மக்கன் பேடா வேண்டாம். பாகு கசிந்து சட்டையெல்லாம் எறும்பு மொய்த்த அனுபவம் எனக்கு உண்டு.

4. கடிதம்

தபாலில் போட்டால் முகாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். ஐந்து கடிதங்களை இப்போதே எழுதி, நாளுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லிப் பொறுப்பாளரிடம் தந்துவிடுங்கள். "நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். "இன்று என்ன விளையாடினாய்? வந்ததும் எனக்கும் கற்றுக்கொடு" என்று எழுதுங்கள். அவன் எழுத 50 காசு அஞ்சலட்டை இரண்டு, முகவரி எழுதியே கொடுங்கள்.

5. பொறுப்பாளரிடம் தனியாக ஒரு பேச்சு

படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏக்கம் பல நேரம் வயிற்றுவலியாக வெளிவரும் என்பதையும் நினைவுபடுத்துங்கள். உண்மையான வலியாகவும் இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சோறு இறங்காமல் தூக்கமும் இல்லாமல் நாட்கள் போனால் அழைத்துவருவது என்ற முடிவு உங்கள் இருவருக்குள் இருக்கட்டும், பிள்ளையின் காதில் விழ வேண்டாம்.

6. பஸ் ஏறும் நேரம்

"சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன். நடுவில் அழுகை வந்தால் முகாம் அண்ணாவிடம் சொல்." இவ்வளவுதான். நீங்கள் அழுவதாக இருந்தால் பஸ் திரும்பிய பிறகு அழுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

அவன் திரும்பி வந்த மூன்றாம் நாள் அஞ்சலட்டை வந்தது. அவனே உரக்கப் படித்தான்: "பூச்சி கத்துகிறது. நேற்று அழுதேன். இன்று சாம்பார் நன்றாக இருந்தது."