பூனைக்குட்டியைத் தூக்கிறதுக்கு முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ: பாசத்தில நாங்கள் விடுற பிழையள்

ஒழுங்கை முடக்கில நாலு குட்டி கத்திக்கொண்டு கிடக்குது, தாயைக் காணேல்லை, ஐயோ பாவம் எண்டு உடன ஒரு பெட்டிக்குள்ள அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்ட வந்திடுறம். நான் கண்ட பிழையளுக்க ஆகலும் கூட நடக்கிறது இதுதான், நானும் செய்திருக்கிறன். அந்தத் தாய் அனேகமாச் செத்துப்போயிராது, சாப்பாடு தேடிப் போயிருக்கும், இல்லாட்டி குட்டியளை ஒவ்வொண்டா வாயில கவ்விக்கொண்டு பக்கத்து வளவு மாட்டுக்கொட்டிலுக்கு இடம் மாத்திக்கொண்டிருக்கும், ரெண்டைக் கொண்டுபோய் விட்டிட்டு மற்ற ரெண்டுக்கும் திரும்பி வரேக்க நாங்கள் தூக்கிக்கொண்டு போயிருப்பம். பிறகு ரெண்டு மூண்டு ராத்திரிக்கு அந்த முடக்கிலயே நிண்டு கத்தும், அந்தச் சத்தத்தை ஒருக்காக் கேட்டால் மறக்க ஏலாது.

அதால முதல் வேலை தூக்கிறதில்லை, பாக்கிறது. நல்லாத் தள்ளி, ஒரு மதிலுக்கு அங்கால நிண்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் பாருங்கோ, கிட்ட நிண்டால் தாய் வராது. குட்டியளின்ர வயிறு உருண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு படுத்து நித்திரை கொள்ளுதெண்டால் தாய் இருக்குது. வயிறு ஒட்டி, உடம்பு குளிர்ந்து, கண் ஓரத்தில எறும்பு ஏறத் தொடங்கியிருந்தால் இனிப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. மழை கொட்டுது, நாய் நிக்குது, றோட்டில கிடக்குது எண்டாலும் காத்திருக்க வேண்டாம், ஆனா தூரக் கொண்டுபோகாமல் கிட்டவா நனையாத தாழ்வாரத்துக்க வையுங்கோ, குட்டியின்ர சத்தத்துக்குத் தாய் வரும். மனிசரின்ர கை பட்டால் தாய் சேர்க்காது எண்டு அம்மம்மா காலத்திலயிருந்து சொல்லினம், அது சரியில்லை, சேர்க்கும்.

தாய் உண்மையாவே இல்லை எண்டால் அடுத்த பிழை பாலில. நான் முதல் முதல் எடுத்தது மூண்டு குட்டி, கண் திறக்கேல்லை (கண் திறக்க 7 தொடக்கம் 14 நாள் போகும், அதை வச்சே வயசு பிடிக்கலாம்), மார்கழி மழைக்க கிடந்து உடம்பு விறைச்சுப்போய் இருந்துதுகள். நான் பசுப்பால் காய்ச்சி, சிரிஞ்சில எடுத்து, கைக்குழந்தையைப் பிடிக்கிறமாதிரி மல்லாத்திப் பிடிச்சுக்கொண்டு வாய்க்குள்ள ஊத்தினன். ஒண்டுக்கு மூக்கால பால் வந்தது, ஒரு தும்மல், பிறகு மூச்சு விடேக்க நெஞ்சுக்க கிறுகிறு எண்டு ஒரு சத்தம், விடிய முதல் கைக்குள்ளயே செத்துப்போச்சுது. மூண்டு பிழையை ஒண்டா விட்டிருக்கிறன் எண்டு பிறகுதான் விளங்கினது.

குளிர்ந்த குட்டிக்குப் பால் குடுக்கக் கூடாது, உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழ போனால் குடல் வேலை செய்யாது. முதல் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயால சுத்திப் பக்கத்தில வையுங்கோ, சூடு கூடினால் குட்டி விலகிப் படுக்கவும் பெட்டிக்குள்ள இடம் விடோணும், வாயும் காலும் இளஞ்சூடாகின பிறகுதான் பால். அதுவும் மல்லாத்தி இல்லை, வயிறு கீழ இருக்க, தாயிட்டக் குடிக்கிறமாதிரி, துளித்துளியா. பாலை ஊத்தினால் அது மூச்சுக்குழாய்க்குள்ள போய் சளிக்காய்ச்சலாகும், எனக்கு அந்தக் குட்டி போனது அப்பிடித்தான். பசுப்பாலில இருக்கிற லக்ரோஸ் அதுகளுக்குச் செமிக்காது, வயிறு கழியும், 100 கிராம் 150 கிராம் உடம்பு ஒரு நாள் கழிச்சலைத் தாங்குமோ? பூனைக்குட்டிக்கெண்டே வாற பால்மா இருக்குது, அதைத் தேடி வேண்டுங்கோ, அல்லது எங்கையாவது பால் குடுக்கிற தாய்ப்பூனை இருந்தால் அதிட்ட விட்டுப் பாருங்கோ, அதைப்போல ஒண்டும் வராது. முதல் கிழமை ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ராவிலயும். ஒவ்வொரு தரமும் குடுத்து முடிய வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால கீழ மெதுவாத் தடவி விடோணும், ஏனெண்டால் முதல் மூண்டு கிழமைக்கு அதுகள் தானா மூத்திரம் போகாதுகள், தாய் நக்கித்தான் போக வைக்கிறது, இது தெரியாமல் பால் மட்டும் குடுத்து வயிறு வீங்கிச் செத்த குட்டியள் கனக்க. குசினித் தராசு இருந்தால் ஒவ்வொரு நாளும் நிறுத்து எழுதுங்கோ, நாளுக்கு 10, 15 கிராம் ஏறோணும், ஏறாட்டி உடன டொக்டர்.

இனி பனடோல். எங்கட ஊரில தலையிடியெண்டாலும் பனடோல், தடிமனெண்டாலும் பனடோல், அந்தப் பழக்கத்தில பூனைக்கும் குடுக்கினம். பூனையின்ர சாதாரண உடம்புச் சூடே 38இல இருந்து 39 பாகைக்கு மேல வரைக்கும் போகும், எங்களுக்கு 37, அதால சுகமான பூனையைத் தொட்டுப் பாத்தாலும் கைக்குச் சுடும், "ஐயோ காய்ச்சல் காயுது" எண்டு பாதிக் குளிசையைக் கரைச்சுப் பருக்கி விடுறது. பூனையின்ர ஈரலுக்கு அந்த மருந்தை உடைக்கத் தெரியாது. 500 மில்லிகிராம் குளிசை ஒண்டே ஒரு பூனையைக் கொல்லக் காணும். முரசு கபில நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். எங்கட ஒழுங்கையில ஒரு மாமி பாசத்தில குடுத்து, பின்னேரம் முகம் ஊதின பூனையை மடியில வச்சுக்கொண்டு அழுதவா, அவாவைப் பேச எனக்கு மனம் வரேல்லை, ஆருமே அவாவுக்குச் சொல்லிக் குடுக்கேல்லைத்தானே. தப்பித்தவறிக் குடுத்திட்டால் ஒளிக்காமல் எத்தினை மணிக்கு எவ்வளவு குடுத்தனீங்கள் எண்டதை டொக்டரிட்டச் சொல்லுங்கோ, முறிக்கிற மருந்து இருக்குது, ஆனா அதைச் சில மணித்தியாலத்துக்குள்ள போடோணும்.

காயத்துக்குப் பூசிற கை மருந்தும் இப்பிடித்தான். டெற்றோல், மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய், நாய்க்கு உண்ணி போக விடுற மருந்து. பூனை தன்ர உடம்பை நக்காமல் இருக்காது, பூசினதெல்லாம் வயித்துக்க போகும், டெற்றோலும் கற்பூரமும் அதுக்கு நஞ்சு. நாய் உண்ணி மருந்துகள் சிலதில பெர்மெத்ரின் இருக்குது, நாய்க்கு ஒண்டும் செய்யாது, பூனைக்கு நடுக்கம் எடுத்து வலிப்பு வரும், பெட்டியில "பூனைக்கு" எண்டு இல்லாத எதையும் பூசாதேங்கோ. காயத்தைக் கொதிச்சு ஆறின தண்ணியில கொஞ்சம் உப்புப் போட்டுக் கழுவினால் காணும், மிச்சம் டொக்டர். புழு வச்ச காயமெண்டால் அண்டைக்கே கொண்டு போகோணும், நாளைக்கு எண்டு விட்டால் உள்ள தின்டிடும். பிரதேசத்துக்குப் பிரதேசம் அரசாங்க மிருக வைத்தியர் இருக்கினம், ஆனா அவையின்ர வேலை கூடுதலா மாடு, ஆடு, கோழியோட, வெளியிலயும் போயிருப்பினம், அதால பூனையோட ஓட்டோவில ஏற முதல் ஒரு கோல் எடுங்கோ.

கடுவன் பூனை முக்கி முக்கிக் குந்தினால் மலச்சிக்கல் எண்டு நினைச்சு எண்ணெய் பருக்க வேண்டாம். அது மூத்திரம் அடைச்சதா இருக்கும், ரெண்டு நாள் விட்டால் பூனை இல்லை.

பெரிய பூனையைப் பிடிக்கேக்க வெறுங்கையால பிடிக்காதேங்கோ, எவ்வளவு சாதுவெண்டாலும். நோவில இருக்கிற பூனை கடிக்கும். தடிச்ச துவாயைப் பின்னால இருந்து போட்டுத் தலையையும் சேத்துச் சுத்தித் தூக்குங்கோ, கூடு இல்லாட்டி பழக்கடைப் பிளாஸ்ரிக் கூடை ரெண்டை வாயோட வாய் வச்சுக் கயித்தால கட்டினால் அருமையான கூடு, மேல ஒரு பழைய சாரத்தைப் போட்டு மூடினால் சத்தமில்லாமல் வரும். கடிச்சாலோ விறாண்டினாலோ மஞ்சள் வைக்கிறது, கோப்பித்தூள் வைக்கிறது வேண்டாம். ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு நேர பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. விசர்நோய் (ரேபிஸ்) நாய்க்கு மட்டும் வாறதில்லை, பூனைக்கும் வரும், மனிசருக்கு வந்த பிறகு காப்பாத்த வழியில்லை, ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமல் போடுவினம், பிறகேன் யோசிப்பான்?

வீட்டில ஏற்கெனவே பூனை இருக்கிற ஆக்கள் புதுசைக் கொண்டுவந்து அண்டைக்கே ஒண்டா விடுறதும் பெரிய பிழை. குறைஞ்சது ரெண்டு கிழமை தனி அறை, தனிக் கோப்பை, தொட்டால் கை கழுவிட்டுத்தான் மற்றதைத் தொடுறது. பூனையளுக்கும் நாயின்ர பாவோ மாதிரி ஒரு வைரஸ் வருத்தம் இருக்குது, சத்தி, கழிச்சல், ரெண்டு மூண்டு நாளில முடிஞ்சிடும், அந்தக் கிருமி நிலத்தில ஒரு வருசம் வரைக்கும் கிடக்கும், டெற்றோல் போட்டுக் கழுவினால் சாகாது, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணி கலந்து கழுவோணும். தடுப்பூசி 6, 8 கிழமையில தொடங்கிறது, மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்காத் திருப்பி 16 கிழமை வரைக்கும் போடோணும், ஒண்டைப் போட்டிட்டு முடிஞ்சுது எண்டு இருக்கிறேல்லை.

நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள் கன வீடுகளில மச்சம் இல்லை. எனக்கும் விரதம்தான், அதைக் குறை சொல்லேல்லை, ஆனா பூனைக்கு விரதம் இல்லை. சோறும் பருப்பும் தயிரும் மட்டும் தின்டு பூனை இருக்க ஏலாது, ரோறின் எண்ட சத்து இறைச்சி மீனிலதான் கிடைக்கும், அது குறைஞ்சால் கண் பார்வை போகும், இதயமும் பழுதாகும். அந்த 25 நாளைக்கு ஒரு பக்கற் பூனைச் சாப்பாடு வேண்டி வையுங்கோ, அடுப்பில ஏத்தத் தேவையில்லை. மற்ற நாளில மீன் குடுத்தாலும் குழம்பில இருந்து எடுத்துக் குடுக்காதேங்கோ, வெங்காயமும் உள்ளியும் பூனையின்ர ரத்தத்தை அழிக்கும்.

கருத்தடையைத் தள்ளிப் போடுறதைப் பற்றி எவ்வளவு கதைச்சாலும் எனக்கு ஆறாது. பெட்டைக்குட்டி நாலு மாசத்திலயே சினைப்படலாம், ரெண்டு மாசத்தில குட்டி போடும், பால் குடுத்துக்கொண்டு இருக்கேக்கயே திரும்பச் சினைப்படும். "ஒருக்காக் குட்டி போடட்டும், பிறகு செய்வம்" எண்டு சொல்லுற அந்த ஒருக்காவில வாற குட்டியள்தான் உரபாக்கில கட்டுண்டு சந்தையடியில கிடக்கிறது. மனிசருக்குப் போடுற கருத்தடை ஊசி, குளிசை குடுக்கிற ஆக்களும் இருக்கினம், அது கர்ப்பப்பையில சீழ் வைக்கும், முலையில கட்டி வரும். ஒப்பரேசன் ஒருநாள் வேலை.

வீடு தேடிக் குடுக்கிறதில முதல் வாற ஆளுக்கே குடுக்கிறது அடுத்த பிழை. எல்லாரும் கேக்கிறது கடுவன். பெட்டையைக் கடுவன் எண்டு தெரியாமல் குடுத்திட்டால் நாலு மாசத்தில அது றோட்டில நிக்கும், அதால வாலைத் தூக்கி வடிவாப் பாருங்கோ, ரெண்டு புள்ளி தள்ளித் தள்ளி இருந்தால் கடுவன், புள்ளிக்குக் கிட்டவா ஒரு சின்னக் கோடு இருந்தால் பெட்டை. எட்டுக் கிழமைக்கு முதல் தாயிட்ட இருந்து பிரிக்காதேங்கோ. குடுக்கிற வீட்டை ஒருக்காப் போய்ப் பாருங்கோ, கட்டில்லாத கிணறு இருக்கோ, நாய் அவிட்டு விட்டிருக்கோ எண்டு. மீன் சந்தையில விட்டால் சாப்பாடு கிடைக்கும் எண்டு நினைச்சுக் கொண்டுபோய் விடுறது வீடு தேடிக் குடுக்கிறதில்லை, அங்க ஏற்கெனவே இருக்கிற கடுவன்களும் நாயளும் அதை விடாதுகள்.

எங்கட பக்கம் பூட்டின வீடுகள் கூட. பிள்ளையள் வெளியில, தாய் தேப்பனும் போயிடினம், பூனை படியில. கொண்டுபோக விரும்பிற ஆக்கள் ரிக்கற் போட்ட பிறகு யோசிக்காதேங்கோ. லண்டனுக்கெண்டால் முதல் மைக்ரோசிப், பிறகு விசர் தடுப்பூசி, 30 நாளுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்து மூண்டு மாசம் காத்திருக்கோணும், எல்லாமா நாலு மாசத்துக்கு மேல. கனடாவுக்கு இவ்வளவு இல்லை, விசர் ஊசி போட்ட சேட்டிபிக்கற் காணும்.

எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்த குடும்பம் போன வருசம் போனது, அவையின்ர வெள்ளையும் கறுப்பும் கலந்த பூனையை ஒரு அக்கா ஆசையா எடுத்தவா, மூண்டாம் நாள் கதவைத் திறந்து விட, ரெண்டு றோட்டுத் தாண்டி அது அந்தப் பூட்டின வீட்டுப் படியிலயே வந்து குந்தியிட்டுது. திரும்பக் கொண்டுபோய் இந்த முறை மூண்டு கிழமை ஒரு அறைக்குள்ள வச்சம், அந்த வீட்டு ஐயா விட்டிட்டுப் போன பழைய சாரத்தைத் தோய்க்காமல் அப்பிடியே கீழ விரிச்சு, சாப்பாடு ஒரே நேரத்துக்கு, ஒரே கோப்பையில. இருபத்தியோராம் நாள் பின்னேரம், பசியோட இருக்கேக்க, கதவைத் திறந்தம். விறாந்தை முழுக்க மணந்து பாத்துது, செம்பரத்தைக்குக் கீழ போய்க் கொஞ்ச நேரம் நிண்டுது, அக்கா கோப்பையைத் தட்டத் திரும்பி உள்ள வந்திட்டுது.